ஆடவிட்டு நிறுத்திய காற்றாலை

1972-ல் வில்லியம் ஹெரோனிமஸ் என்ற பேராசிரியர் ஒரு திட்டத்தை முன்வைத்தார். அமெரிக்காவின் வடகிழக்கே, நியூ இங்கிலாந்து கரைக்கு அப்பால், ஆயிரக்கணக்கான காற்றாலைகளைக் கடலில் மிதக்கவிட வேண்டும். ஒவ்வொரு மிதவையிலும் பல சுழலிகள் இருக்கலாம். கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்துக் கரைக்கு அனுப்பலாம். அந்த மிதவைகளுக்குக் ‘காற்றுக் கப்பல்’ என்று பெயரும் வைத்துவிட்டார். அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி உலகமே தவித்துப்போனது அதற்கு அடுத்த ஆண்டு அக்டோபரில்தான். அதற்கு முன்பே இப்படி ஒருவர் யோசித்திருக்கிறார் என்பது இன்று படிக்கும்போதும் வியப்பாக இருக்கிறது.

ஹெரோனிமஸ் கடலைப் படத்தில் மட்டும் பார்த்தவர் இல்லை. அமெரிக்கக் கடற்படையில் கப்பல் பொறியாளராக இருந்து, கேப்டன் பதவியோடு ஓய்வு பெற்ற பிறகுதான் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்துக்குப் பாடம் நடத்த வந்தார். கரையை விட்டு விலக விலகக் காற்று வலுக்கும், தடைபடாமல் வீசும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரிந்த விஷயம். அவரும் மாணவர்களும் சேர்ந்து 1970-களில் அந்த வளாகத்தில் 25 கிலோவாட் காற்றாலை ஒன்றைக் கட்டி ஓட்டினார்கள். அமெரிக்காவின் நவீன காற்றாலைத் தொழிலில் அந்தப் பட்டறையிலிருந்து போனவர்களின் பங்கு பெரிது. ஆனால் காற்றுக் கப்பல் காகிதத்திலேயே நின்றுவிட்டது. 2002-ல் ஹெரோனிமஸ் காலமானார். முழு அளவுக் காற்றாலை ஒன்று ஆழ்கடலில் மிதந்தபடி மின்சாரம் கொடுக்க மேலும் 7 ஆண்டுகள் ஆயின.

ஏன் இத்தனை தாமதம்? பணம் இல்லை, எண்ணெய் மறுபடி மலிவாகிவிட்டது என்பது வழக்கமான பதில். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் இந்தக் கதையைப் படிக்கப் படிக்க எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. காற்றாலையை மிதக்கவைப்பது கடினமான காரியமே இல்லை. மிதக்கும் பொருள் ஆடும். ஆடுகிற தூணின் உச்சியில் சுழல்கிற எந்திரம் அந்த ஆட்டத்தோடு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை யாரும் அதற்குக் கற்றுத்தந்திருக்கவில்லை. அதைக் கற்றுத்தந்த நாளைத்தான் மிதக்கும் காற்றாலையின் பிறந்த நாள் என்று சொல்வேன்.

முதலில் மிதக்காத காற்றாலையைப் பார்த்துவிடலாம். உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை 1991-ல் டென்மார்க்கில், லோலன் தீவை ஒட்டி, விண்டபி என்ற இடத்தில் அமைந்தது. அதில் 11 காற்றாலைகள். ஒவ்வொன்றும் 450 கிலோவாட். அங்கே கடல் சில மீட்டர் ஆழம்தான். தரையில் நடுவதைத் தண்ணீருக்குள் நட்டார்கள், அவ்வளவே. அதன் பிறகு வந்த பண்ணைகளில் பெரும்பாலானவை ஒற்றைக்கால் முறையில் அமைந்தவை. பெரிய எஃகுக் குழாயைக் கடலடியில் அடித்து இறக்கி, அதன் மேல் காற்றாலையை நிறுத்துவது. 20 மீட்டர், 30 மீட்டர் ஆழத்தில் இது அருமையான வழி. ஆழம் கூடக் கூடக் காலின் நீளம், பருமன், எஃகின் எடை எல்லாம் ஏறிக்கொண்டே போகும். 60 மீட்டர் அளவில் கணக்கு கட்டுப்படியாகாமல் போகும்.

கால் எவ்வளவு நீளமாக இருக்க முடியும் என்பதற்குத் தொழில்நுட்பம் எல்லை போடவில்லை. நார்வேயின் டிரால்-ஏ எரிவாயு மேடை 303 மீட்டர் ஆழத்தில், கான்கிரீட் கால்களால் கடலடியில் நின்றுகொண்டிருக்கிறது. அடி முதல் நுனி வரை 472 மீட்டர். ஆனால் அந்தக் கால்களின் மேலே ஒரு நாட்டுக்கே வருமானம் தரும் எரிவாயு வருகிறது. ஒரு காற்றாலை ஆண்டு முழுக்கத் தரும் மின்சாரத்தின் விலையை வைத்து அப்படி ஒரு காலைக் கட்ட முடியாது. இந்த இடைவெளிதான் மிதவையைத் தேட வைத்தது. ஐரோப்பியக் கடல்களில் இருக்கும் காற்று வளத்தில் ஐந்தில் நான்கு பங்கு 60 மீட்டருக்கு மேல் ஆழமான இடங்களில்தான் இருக்கிறது. ஜப்பானிலும் கலிபோர்னியாவிலும் போர்ச்சுகலிலும் கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கடலடி சரேலென்று இறங்கிவிடும். நட்டு வைக்கும் முறையையே நம்பியிருந்தால் அந்த நாடுகள் கடல் காற்றை வேடிக்கைதான் பார்க்க முடியும்.

மிதவைக்கு என்ன வடிவம்? இதற்கான விடை வேறு வேலைகளுக்காக எப்போதோ கிடைத்துவிட்டது. 1962-ல் அமெரிக்கக் கடற்படைக்காகவும் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்துக்காகவும் ‘ஃபிளிப்’ என்றொரு விசித்திரமான ஆய்வுக் கலம் கட்டப்பட்டது. 108 மீட்டர் நீளம். கடலில் படுத்தபடி இழுத்துப் போவார்கள். இடம் வந்ததும் பின்பகுதித் தொட்டிகளில் நீரை நிரப்புவார்கள். கலம் மெல்ல எழுந்து செங்குத்தாக நின்றுவிடும். சுவர் தரையாகும், தரை சுவராகும். ஆராய்ச்சியாளர்கள் உள்ளே நின்றபடியே திரும்பிக்கொள்வார்கள். சுற்றிலும் அலை புரண்டுகொண்டிருக்கும்போது அது மட்டும் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். அசையாத இடத்திலிருந்து கடலின் ஓசைகளை அளப்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். 1976-ல் வட கடலில் ஷெல் நிறுவனம் இதே நெட்டுக்குத்து உருளை வடிவத்தில் ‘பிரென்ட் ஸ்பார்’ என்ற எண்ணெய்க் கிடங்கை மிதக்கவிட்டது. 1995-ல் அதைக் கடலில் மூழ்கடிக்கக் கூடாது என்று கிரீன்பீஸ் போராடியபோதுதான் அந்தப் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது.

நெட்டுக்குத்தாக நிற்கும் உருளை ஏன் ஆடாமல் இருக்கிறது? அலை என்பது பெரும்பாலும் மேற்பரப்பின் விவகாரம். அலையின் நீளத்தில் பாதி அளவு ஆழத்துக்குப் போனால், மேலே இருக்கும் அசைவில் நூற்றில் ஐந்து பங்குகூட அங்கே தெரியாது. உருளையின் உடல் முழுக்க அந்த அமைதியான ஆழத்தில் கிடக்கிறது. நீர்மட்டத்தை வெட்டிக்கொண்டு வரும் கழுத்து மட்டும் ஒல்லி. அலைக்குப் பிடி கிடைப்பதில்லை. அடியில் கனத்த பாரம் இருப்பதால் புவியீர்ப்பு மையம் மிதப்பு மையத்துக்குக் கீழே விழுகிறது. எவ்வளவு சாய்த்தாலும் நிமிரும். இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் தானாக ஆடிக்கொள்ளும் ஒரு கால அளவு இருக்கிறது. வட கடலின் அலைகள் சுமார் 5 நொடியிலிருந்து 20 நொடிக்கு ஒருமுறை வருகின்றன. இப்படிப்பட்ட நீண்ட உருளை ஒருமுறை சாய்ந்து நிமிர ஏறக்குறைய 30 நொடி எடுத்துக்கொள்ளும். அலையின் தாளமும் அதன் தாளமும் சேருவதே இல்லை.

நார்வேயின் நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனத்தின் எண்ணெய்ப் பிரிவில் இருந்தவர்களுக்கு இது தினசரி வேலை. 2001-ல் அவர்களிடையே ஒரு யோசனை பிறந்தது. ஸ்பார் எனப்படும் இந்த நெட்டுக்குத்து உருளையின் தலையில் எண்ணெய் மேடைக்குப் பதில் ஒரு காற்றாலையை வைத்தால் என்ன? அதற்கு ஹைவிண்ட் என்று பெயரிட்டார்கள். அப்போது நார்வேயின் மின்சாரம் ஏறக்குறைய முழுதும் அருவிகளிலிருந்தும் அணைகளிலிருந்தும் வந்தது. நாட்டுக்கு அவசரம் ஒன்றுமில்லை. ஆனால் கையில் ஆழ்கடல் கலை இருந்தது, கரையை ஒட்டியே ஆழமான ஃபியோர்டுகள் இருந்தன.

2005-ல் டிரான்டைம் நகரத்தில் உள்ள மரின்டெக் ஆய்வகத்தில் ஹைவிண்டின் மாதிரியை மிதக்கவிட்டார்கள். அந்த ஆய்வகத்தின் செயற்கைக் கடல் 80 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், 10 மீட்டர் ஆழம். எந்திரங்கள் எந்த அளவு அலையையும் எழுப்பிக் கொடுக்கும். அதில் சுமார் 3 மீட்டர் உயர மாதிரி. அலைக்கு எதிராக அது நன்றாகவே நின்றது. அலை எதிரியாக இருக்கும் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு, உண்மையான சங்கடம் காற்றாலையின் சொந்த மூளையிலிருந்து வரும் என்பது அந்தச் சில ஆண்டுகளில் கணக்குகளிலும் சோதனைகளிலும் தெளிவானது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். காற்றாலையின் இறக்கைகள் தம் அச்சில் திரும்பக்கூடியவை. காற்று மெதுவாக இருக்கும்போது இறக்கை முகத்தைக் காட்டி முழுக்க வாங்கிக்கொள்ளும். காற்று ஓர் அளவைத் தாண்டினால், ஜெனரேட்டர் தாங்காது என்பதால், கட்டுப்பாட்டுக் கருவி இறக்கையைக் கொஞ்சம் ஒருக்களிக்கச் செய்து உபரிக் காற்றை நழுவ விடும். சுழற்சி ஒரே வேகத்தில் இருக்கும். முப்பந்தலில் இன்று நிற்கும் பெரிய காற்றாலைகளும் இதைத்தான் செய்கின்றன. தரையில் இது பிசகில்லாத ஏற்பாடு.

இதையே கடலில் மிதக்கும் தூணின் உச்சியில் வைத்துப் பாருங்கள். பலத்த காற்று. தூண் மெதுவாகக் காற்றை எதிர்த்து முன்னால் சாய்கிறது. சாயும்போது சுழலி காற்றை நோக்கிப் போவதால், அதற்குக் காற்று இன்னும் வேகமாக வருவதுபோலத் தெரியும். கட்டுப்பாட்டுக் கருவி உடனே இறக்கையை ஒருக்களிக்கும். காற்று தூணைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்த விசை அந்தக் கணமே குறையும். தடுக்க வேண்டிய கை விலகியதால் தூண் இன்னும் முன்னால் போகும். பிறகு பின்னால் திரும்பும். இப்போது சுழலி காற்றோடு சேர்ந்து போகிறது. காற்று குறைந்ததுபோல் தெரிகிறது. கருவி இறக்கையை மறுபடி விரிக்கும். விசை கூடும். பின்னால் போகிறவனைப் பின்னாலேயே தள்ளும். ஊஞ்சலில் ஆடும் குழந்தையை ஒவ்வொரு முறையும் அது போகிற திசையிலேயே சரியான நேரம் பார்த்துத் தள்ளினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் நடக்கும். ஆட்டம் வளரும். அலையே இல்லாத நாளில்கூட வளரும்.

தரையில் ஏன் இது தெரியவில்லை? தரையில் நட்ட கோபுரம் ஆடினால் சில நொடிக்குள் ஆடி முடித்துவிடும். கருவி அவ்வளவு சுறுசுறுப்பாகப் பதில் சொல்லாது. இரண்டுக்கும் சம்பந்தமே ஏற்படாது. மிதக்கும் தூணோ அரை நிமிடம் எடுத்து ஆடுகிறது. கருவிக்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் தாராளமாக அவகாசம் இருக்கிறது, தவறைச் செய்வதற்கு.

ஹைட்ரோவில் ஃபின் குன்னர் நீல்சன், டோர் டேவிட் ஹான்சன், பியோர்ன் ஸ்கோர ஆகியோர் இதை 2006-ல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். அடுத்த ஆண்டு ஹான்சனும் டென்மார்க்கின் ரிசோ ஆய்வகத்தைச் சேர்ந்த டோர்பன் லார்சனும் இதைத் தவிர்க்கும் முறை ஒன்றை வெளியிட்டார்கள். அதே காலத்தில் அமெரிக்காவின் கொலராடோவில், தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தில், ஜேசன் ஜான்க்மன் தட்டையான தெப்பத்தின் மேல் நிற்கும் காற்றாலையைக் கணினியில் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் இதே தலைவலி வந்தது. தீர்வைச் சொன்னால் எளிதாகத் தோன்றும். கருவியின் பதிலை மெதுவாக்கு. தூண் ஆடி முடிக்கும் நேரத்தைவிட நிதானமாக அது யோசிக்கட்டும். அதோடு கோபுரத்தின் அசைவையும் அளந்து கருவிக்குச் சொல். முன்னால் போகும்போது விசையைக் கூட்டு, பின்னால் வரும்போது குறை. சுழற்சி வேகம் கொஞ்சம் கூடிக் குறைவதைப் பொறுத்துக்கொள். ஆட்டத்தை வளர்த்துக்கொண்டிருந்த அதே இறக்கைகள் ஆட்டத்தை அடக்கும் கையாக மாறும். இதற்கு ஒரு கிலோ எஃகுகூடக் கூடுதலாகத் தேவையில்லை. முழுதும் கணக்கு.

எனக்கு இந்தக் கட்டம்தான் கதையின் உயிர். எஃகைக் கூட்டி, சங்கிலியை இறுக்கி, தூணை அசையாமல் கட்டிப்போட முயன்றிருந்தால் செலவே அந்த எண்ணத்தைக் கொன்றிருக்கும். ஆடட்டும் என்று விட்டு, ஆட்டத்தோடு பேசும் வழியைக் கண்டுபிடித்தார்கள். பின்னாளில் ஹைவிண்ட் உருளையின் விவரங்களை உலக ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தத் தந்தார்கள். ஜான்க்மனின் ஆய்வகம் அதை ஒரு பொது மாதிரியாக அமைத்து வெளியிட்டது. இன்று பல நாடுகளில் மிதக்கும் காற்றாலை படிக்கும் மாணவர்கள் முதலில் ஓட்டிப் பார்ப்பது அந்த மாதிரியைத்தான். ஓர் எண்ணெய் நிறுவனம் இப்படிக் கதவைத் திறந்துவைத்தது நல்ல காரியம். அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

முதலில் கடலில் இறங்கியது ஹைவிண்ட் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2007 டிசம்பரில் புளூ ஹெச் என்ற நிறுவனம் இத்தாலியின் புல்லியா கரையிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் விலகி, 113 மீட்டர் ஆழத்தில் ஒரு சிறிய மிதவைக் காற்றாலையை வைத்தது. 80 கிலோவாட். அடுத்த ஆண்டே எடுத்துவிட்டார்கள். மிதக்க முடியும் என்று அது காட்டியது. பெரிய எந்திரம் தாங்குமா என்ற கேள்வி அப்படியே இருந்தது.

2007 அக்டோபரில் ஹைட்ரோவின் எண்ணெய்ப் பிரிவு ஸ்டாடாயில் என்ற எண்ணெய் நிறுவனத்துடன் இணைந்தது. ஹைவிண்டைக் கட்டுவது என்று அடுத்த ஆண்டு முடிவானது. சுமார் 40 கோடி குரோனர் செலவு. அதில் அரசின் எனோவா அமைப்பு 5.9 கோடி கொடுத்தது. ஒற்றைக் காற்றாலைக்கு இது பெரும் தொகை. இலாபம் பார்க்கக் கட்டியதில்லை, கற்றுக்கொள்ளக் கட்டியது.

உருளையை பின்லாந்தின் போரி நகரில் உள்ள டெக்னிப் தளத்தில் செய்தார்கள். நீருக்குள் போகும் பகுதி மட்டும் 100 மீட்டர். உடலின் விட்டம் 8.3 மீட்டர், நீர்மட்டத்தில் 6 மீட்டராக ஒடுங்கும். ஃபிளிப் கலத்தைப் போலவே படுத்த வாக்கில் கடல் வழியே இழுத்துக்கொண்டு ஸ்டவாங்கர் பக்கத்தில் உள்ள ஓமோய் ஃபியோர்டுக்கு வந்தார்கள். மலைகள் காற்றை மறைத்துக்கொள்ளும் அமைதியான ஆழ நீர். அங்கே அதன் வயிற்றில் நீரை ஏற்றினார்கள். ஒரு முனை தாழ்ந்து தாழ்ந்து, முழு உருளையும் நிமிர்ந்து, தலை மட்டும் வெளியே தெரிய நின்றது. அடிப்பாரம் ஏற்றி நிலைப்படுத்திய பிறகு கோபுரத்தைப் பூட்டினார்கள். அதன் மேல் சீமென்ஸின் 2.3 மெகாவாட் எந்திரம், 82 மீட்டர் விட்டச் சுழலி. மொத்தம் 5,300 டன் நீரை விலக்கி மிதந்தது. அதில் எந்திரத்தின் எடை 138 டன்தான். 2009 கோடையில் நின்ற வாக்கிலேயே இழுத்துப்போய், கார்மோய் தீவுக்கு 10 கிலோமீட்டர் வெளியே, சுமார் 200 மீட்டர் ஆழத்தில் மூன்று சங்கிலிகளால் கட்டினார்கள். அந்தச் செப்டம்பரில் திறப்பு விழா நடந்தது.

இரண்டு ஆண்டு சோதனைக்கு என்று வைத்தது பல ஆண்டுகள் நின்றது. 2011-ல் மட்டும் 1 கோடி யூனிட்டுக்கு மேல் மின்சாரம் கொடுத்தது. அந்த எந்திரம் ஆண்டு முழுக்க இடைவிடாமல் முழுத் திறனில் ஓடியிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதில் இது பாதி. காற்றாலைக்காரர்களுக்கு இந்தப் பாதி என்பது எவ்வளவு பெரிய பேறு என்று தெரியும். தரையில் கால் பங்கு கிடைத்தாலே மகிழ்வார்கள். 19 மீட்டர் உயர அலையும் நொடிக்கு 40 மீட்டர் காற்றும் அதன் மேல் வந்து போயின.

கதை இங்கிருந்து கிளை பிரிகிறது. 2011-ல் போர்ச்சுகலில் விண்ட்ஃபுளோட் வந்தது. முக்கோணத்தின் மூலைகளில் மூன்று தூண்கள், அவற்றில் ஒன்றின் மேல் 2 மெகாவாட் காற்றாலை. ஸ்பாரைப் போல ஆழமான துறை அதற்கு வேண்டாம். செதுபாலின் உலர் துறையிலேயே எந்திரத்தைப் பூட்டி, நாட்டின் கரையோரமாக வடக்கே சுமார் 400 கிலோமீட்டர் இழுத்துப்போனார்கள். ஜப்பானில் கோட்டோ தீவுகளுக்கு அருகே 2013-ல் எஃகும் கான்கிரீட்டும் கலந்த ஸ்பார் நின்றது. அணு உலை விபத்தில் நொறுங்கிப்போன ஃபுக்குஷிமா கரைக்கு எதிரே அதே ஆண்டு தொடங்கி மூன்று காற்றாலைகள் மிதந்தன. அந்த மக்களுக்கு அது வெறும் மின் திட்டமாக இருந்திருக்காது. ஆனால் 7 மெகாவாட் எந்திரம் ஒழுங்காக ஓடவே இல்லை. 2020-ல் அதை எடுத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் மற்றவற்றையும் அகற்ற முடிவானது. மிதவை நிலையாக நின்றது, கோளாறு அதன் மேல் இருந்த டர்பைனில். அத்தனை நம்பிக்கையைச் சுமந்த திட்டம் இப்படி முடிந்ததில் எனக்கு வருத்தம் உண்டு.

பண்ணை என்று சொல்லத்தக்கது ஹைவிண்ட் முறையிலேயே ஸ்காட்லாந்தில் 2017 அக்டோபரில் வந்தது. பீட்டர்ஹெட் துறைமுகத்திலிருந்து 25 கிலோமீட்டருக்கு அப்பால் ஐந்து காற்றாலைகள், ஒவ்வொன்றும் 6 மெகாவாட். அந்த இடத்தின் ஆழம் 95 முதல் 120 மீட்டர் என்பதால் உருளையைக் குட்டையாக்கி, பருமனாக்கினார்கள். நீருக்குள் 78 மீட்டர். அடிப்பாரத்துக்கு மேக்னடைட் என்ற கனமான இரும்புத்தாது. உருளைகள் ஸ்பெயினின் ஃபெனே தளத்தில் உருவாகி, நார்வேயின் ஸ்டோர்ட் அருகே நிமிர்த்தப்பட்டன. அங்கே கரையிலேயே கோபுரம், எந்திரம், 75 மீட்டர் இறக்கைகள் மூன்று, எல்லாவற்றையும் பூட்டி முழுக் காற்றாலையாக நிறுத்திவைத்திருந்தார்கள். சாய்பெம் 7000 என்ற ராட்சத மிதவைக் கிரேன் அதை அப்படியே தூக்கியது. தூக்குகிற கப்பலும் மிதக்கிறது, வாங்கிக்கொள்ள வேண்டிய உருளையும் மிதக்கிறது. கோபுரத்தின் அடிவளையம் உருளையின் மேல்வளையத்தில் பொருந்தும் வரை இரண்டையும் ஒன்றுக்கொன்று அசையாமல் பிடித்திருக்க வேண்டும். ஐந்து முறை அதைச் செய்தார்கள்.

பண்ணை தொடங்கிய மாதத்திலேயே ஒபீலியா புயலின் மிச்சம் வந்தது. டிசம்பரில் கரோலின் புயல் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. காற்று உச்சத்தில் இருந்தபோது எந்திரங்கள் தாமாக நின்றுகொண்டு, தணிந்ததும் மறுபடி ஓடின. 2020 மார்ச்சோடு முடிந்த 12 மாதங்களில் முழுத் திறனில் 57 விழுக்காடு கிடைத்தது. பிரிட்டனின் கடல் காற்றாலைகளில் அது மிகச் சிறந்த கணக்கு.

அடுத்தது 2023 ஆகஸ்டில் முறைப்படி திறக்கப்பட்ட ஹைவிண்ட் டாம்பென். கரையிலிருந்து 140 கிலோமீட்டர், ஆழம் 260 முதல் 300 மீட்டர், 11 காற்றாலைகள், 88 மெகாவாட். உருளைகள் இப்போது கான்கிரீட். ஒரே நங்கூரத்தில் பல காற்றாலைகளின் சங்கிலிகளைக் கோத்து, 11-க்கும் சேர்த்து 19 நங்கூரங்களோடு முடித்தார்கள். ஆனால் அந்த மின்சாரம் போவது ஸ்னோரே, குல்ஃபாக்ஸ் எண்ணெய் மேடைகளுக்கு. அவற்றின் ஆண்டுத் தேவையில் சுமார் 35 விழுக்காடு. மேடைகளில் எரிவாயு எரிப்பது குறைகிறது என்பது நல்லதுதான். எண்ணெய் எடுப்பதைச் சுத்தமாகச் செய்வதற்கு இந்தக் கலை பயன்படுவதை என்னால் முழு மனதோடு கொண்டாட முடியவில்லை. ஹெரோனிமஸ் எண்ணெய்க்கு மாற்றாகத்தான் இதை வரைந்தார்.

இன்னும் இது சிறு பிள்ளை. உலகம் முழுவதும் மிதந்துகொண்டிருந்த மொத்தத் திறன் 2024 முடிவில் 300 மெகாவாட்டைத் தொடவில்லை. விலையும் கசக்கிறது. 2024-ல் பிரிட்டனின் ஏலத்தில் ஸ்காட்லாந்தின் கிரீன் வோல்ட் என்ற 400 மெகாவாட் மிதவைத் திட்டத்துக்கு ஒரு மெகாவாட்-மணிக்கு 139.93 பவுண்டு கிடைத்தது. கடலடியில் நடும் திட்டங்களுக்கு 60 பவுண்டுக்கும் குறைவு (இரண்டும் 2012 விலைநிலையில்). பழுதுபார்ப்பும் பெரிய கேள்வி. நட்ட காற்றாலை என்றால் கால் ஊன்றி நிற்கும் கிரேன் கப்பல் வந்து வேலை செய்யும். 100 மீட்டர் ஆழத்தில் அந்தக் கப்பல் எங்கே காலூன்றும்? 2024-ல் ஸ்காட்லாந்தின் ஐந்து காற்றாலைகளையும் சங்கிலியிலிருந்து கழற்றி, வட கடலைக் கடந்து நார்வேக்கு இழுத்துப்போய்ப் பழுதுபார்த்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். செய்ய முடியும் என்பது தெரிந்தது. நூறு காற்றாலைகள் இருந்தால் இப்படிச் செய்ய முடியுமா என்பதற்குப் பதில் இல்லை.

மீனவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. நட்ட காற்றாலை தான் நிற்கும் இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும். மிதக்கும் காற்றாலையின் சங்கிலிகள் நூற்றுக்கணக்கான மீட்டர் சாய்வாக ஓடிக் கடலடியைத் தொடுகின்றன. அதற்குள் இழுவலை போட முடியாது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் சிங்கிறால் பிடிப்பவர்கள் படகுகளைத் திரட்டிப் போராடினார்கள். 2021-ல் மாநிலத்தின் கடல் எல்லைக்குள் காற்றாலை கூடாது என்று சட்டமே வந்தது. கடலை இன்னொருவர் காகிதத்தில் பங்கு போட்டுக்கொள்வதைப் பார்த்து நிற்கும் மீனவரின் கோபம் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டிய ஒன்றில்லை. நம் தென்கடலோரத்திலும் காற்றாலைத் திட்டம் பேசப்படுகிறது. 2024 ஜூனில் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்த 7,453 கோடி ரூபாய்த் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாட், குஜராத்துக்கு 500 மெகாவாட். இவை கடலடியில் நடுபவை, மிதப்பவை இல்லை. ஆனாலும் மன்னார் வளைகுடா ஓரத்து மீனவர்களோடு உட்கார்ந்து பேசாமல் ஒரு கோபுரம்கூட நிற்கக் கூடாது என்றே நினைக்கிறேன்.

இப்போதைய வேலை விலையை இறக்குவது. இதில் முன்னால் நிற்பவர்களில் ஒருவர் டென்மார்க்கின் ஹென்ரிக் ஸ்டீஸ்டால். இளைஞராக இருந்தபோது அவர் வடிவமைத்த காற்றாலையை 1979-ல் வெஸ்டாஸ் நிறுவனம் உரிமம் வாங்கித் தயாரித்தது. பிறகு போனஸ் நிறுவனத்தில் சேர்ந்தார்; விண்டபியில் நின்ற 11 எந்திரங்களும் போனஸ் செய்தவை. அந்த நிறுவனத்தை சீமென்ஸ் வாங்கியது. ஹைவிண்டின் தலையில் ஏறிய எந்திரம் அங்கிருந்து வந்தது. கடல் காற்றாலையின் இரண்டு பிறப்புகளையும் உள்ளிருந்து பார்த்தவர். ஹைவிண்டின் குறை எது என்று அவருக்குத் தெரியும். அது நார்வேயின் ஃபியோர்டுகளை நம்பியிருக்கிறது. 80 மீட்டர், 100 மீட்டர் ஆழத்தில் நிமிர்த்தி நிறுத்தக் கரையோரமாக அமைதியான நீர் வேண்டும். உலகின் பெரும்பாலான துறைமுகங்களில் அதில் கால்வாசி ஆழம்கூட இல்லை.

அவர் வடிவமைத்த டெட்ராஸ்பாரில் கோபுரம் ஒரு முக்கோணச் சட்டத்தின் மேல் நிற்கிறது; அடிப்பாரம் தனித் துண்டு. குழாய்களை வேறு வேறு பட்டறைகளில் செய்து, துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, வெல்டிங் இல்லாமல் பூட்டிக்கொள்ளலாம். இழுத்துப்போகும்போது பாரம் சட்டத்தோடு ஒட்டி மேலேயே இருக்கும். சாதாரணத் துறைமுகத்தின் ஆழமே போதும். கடலில் இடத்தைச் சேர்ந்த பிறகு பாரத்தை வடங்களில் கீழே இறக்கிவிடுவார்கள். அந்த நிமிடத்திலிருந்து அது ஸ்பார். டென்மார்க்கின் கிரெனோ துறைமுகத்தில் பூட்டிய 3.6 மெகாவாட் மாதிரி ஒன்று 2021 முதல் கார்மோய்க்கு வெளியே 200 மீட்டர் ஆழத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. வாரத்துக்கு ஒன்று என்று தொழிற்சாலைக் கணக்கில் இவற்றைச் செய்து இறக்க முடிந்தால்தான் அந்த 140 பவுண்டு 60-ஐ நோக்கி இறங்கும். அப்படி ஒரு தொழிற்சாலை இன்னும் எங்கும் வரவில்லை.